சுவரைப் பார்த்த நாற்காலி

சாமி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிப்பா" என்பாய். அந்தச் "சரிப்பா"வுக்குப் பின்னால் நீ கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். காகிதத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கையாவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு இதுவும் பெங்களூர் பஸ்ஸில் வருகிறது. பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் "ஓய்வு பெற்ற நூலகர்" என்று போட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒருவரும் என்னை நூலகர் என்று சொன்னதில்லை. "பேப்பர் வந்துருச்சா சார்" என்றுதான் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு பதவி உறுதியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நிவேதாவும் படிக்கட்டும். மாமனாரின் மனநிலையைத் தாலி கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கு நியாயமான பாதுகாப்பு.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன் வரும் புதன்கிழமை நம் தோட்டத்துக் கிணற்றில் உன் அம்மாவை அழைக்கிறோம். நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். "நீங்களே இதெல்லாம் நம்ப மாட்டீங்களேப்பா, நான் முகூர்த்தத்துக்கு மொத நாள் நேரா மண்டபத்துக்கு வந்துர்றேன்" என்றாய். நீ சொன்னது உண்மை. கடவுள் உண்டு என்னும் புத்தகங்களையும் இல்லை என்னும் புத்தகங்களையும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் அடுக்கி வைத்தவன் நான். எந்த அலமாரியிலிருந்தும் எனக்குப் புகார் வந்ததில்லை. உன் அத்தை இந்தச் சடங்குப் பேச்சை எடுத்தபோது நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். இப்போது நீ வர வேண்டும் என்று கேட்கிறேன். காரணம் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் விளையாட்டு. நரைத்த தலையோடு ஒருவன் இதை எழுதினால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படி.

முதலில் நிவேதாவுக்கு. அவள் பரமத்தி வேலூர்ப் பெண். அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது என்று அவள் அப்பா சொன்னார். இங்கே வாழப்பாடிப் பக்கத்தில், நம்மைப் போன்ற சில குடும்பங்களில், சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை அவளுக்குத்தான் முதலில். அவளை வீட்டுக்குள் தேடக் கூடாது. தண்ணீரிடம் போய்த்தான் அழைக்க வேண்டும். புதுக் குடத்துக்குப் பூச்சுற்றி, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். பம்பை அடிப்பவர் பாடுவார். பெற்ற பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கயிற்றை இழுக்கும்போது குடம் கனத்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். தண்ணீர் நிறைந்த எந்தக் குடமும் கனக்கும் என்று என் கல்யாணத்தின்போது நான் எடுத்துச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிறகு குடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப் புடவை சார்த்தி, இலை போட்டு, கல்யாணத்துக்கு உத்தரவு கேட்பார்கள். அவ்வளவுதான்.

இனி விளையாட்டு. நீ ஒன்பதாவது படிக்கும்போது சேலத்தில் ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. படிப்புக்காக வாங்கினோம் என்பதை இப்போதும் பதிவு செய்துவைக்கிறேன். கடைக்காரர் இனாமாக ஒரு சிடி கொடுத்தார். அட்டை கிடையாது, படம் கிடையாது. அதில்தான் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு நாடு, அதில் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது. ராஜா கவலைப்படுகிறார். கவலைப்பட்டவர் தன் படையை அனுப்பாமல், தெருவில் போன அந்நியரைக் கூப்பிட்டு மலைக்கு மேலே போய் என்னவென்று பார்த்துவரச் சொல்கிறார். ஆட்சி நடத்தத் தெரிந்த ராஜா. நீ பெயர் கொடுத்து ஆட்களை உருவாக்கலாம். அவர்கள் சண்டை போட்டு, அடிபட்டு, தேறி, பலம் கூடி வருவார்கள். எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்பார். எத்தனை முறை பேசினாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். உனக்கு அது சிரிப்பாக இருந்தது. காலையில் நூலகத்துக்கு வரும் வாசகர்களை நான் அறிந்திருந்ததால் எனக்கு அது எதார்த்தமாக இருந்தது.

நீ, நான், அம்மா என்று மூன்று பேரை உருவாக்கினாய். பெயருக்கு ஆறு ஆங்கில எழுத்துதான் இடம். பாக்கியலட்சுமி என்ற பெயர் அதில் அடங்கவில்லை. மிச்ச எழுத்துகளை வெளியே விட்டுவிட்டு உன் அம்மா உள்ளே போனாள். நீ வாள் வைத்திருந்தாய். நான் மந்திரவாதி, புத்தகம் படிப்பவன் என்பதால் கொடுத்தாய் போலிருக்கிறது. அவள் வைத்தியக்காரி. நாம் அடிபட்டு வரும்போதெல்லாம் அவள் கையை உயர்த்துவாள், நாம் எழுந்துகொள்வோம். அவள் கையில் ஆயுதமாக ஒரு கோல் இருந்தது. "இதுல ஒரு நாயக்கூட வெரட்ட முடியாது" என்று சொல்லிக்கொண்டே சமையலுக்கு நடுவில் வந்து பொத்தானை அழுத்துவாள்.

அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேமித்துவைக்க முடியாது. சதுப்பு நிலத்துக்கு நடுவே இருந்த ஊரில் ஒரு விடுதி. அங்கே போய்ப் படுத்தால்தான் அன்றைய ஆட்டம் பதிவாகும். உன் அம்மா அதைச் சத்திரம் என்பாள். அப்போது மின்வெட்டுக் காலம். மத்தியானம் மணி அடித்த மாதிரி கரண்டு போகும். சத்திரத்துக்கு வந்து சேர்வதற்குள் போய்விட்டால் அன்று நடந்த எல்லாம் நடக்காததாகிவிடும். கொன்ற அரக்கன் உயிரோடு எழுந்து நிற்பான். அதனால் சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்: "ஏங்க, கரண்டு போவப் போவுது. ரெண்டு பேரும் சத்திரத்துக்கு வந்துருங்க." நாம் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவோம். பாதி நாள் ஓடிச் சேர்வதற்கு முன்பே திரை இருண்டுவிடும். மின்விசிறி நிற்கும். தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் நம் மூன்று பேர் முகமும் தெரியும். யாரும் உடனே நகர மாட்டோம். அது ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

அந்தச் சத்திரத்தை நீ மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்; அதற்குள் நுழைந்ததும் நின்றுவிடும். ஒரு கடிகாரச் சத்தம் மட்டும் இருக்கும், கடிகாரம் எங்கேயும் தெரியாது. உள்ளே ஒரு வரிசை நாற்காலி, எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதுகு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். பெயர் தெரியாததால் நம்மால் அவர்களைக் கூப்பிட முடியாது. சத்திரக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும் நாற்காலியில் திரும்புவார். நீ முதல் தடவை அதைப் பார்த்தபோது ஸ்கூல் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நாளைக்குப் பரீட்சை என்றாய்.

நீ காலேஜ் சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளி விடுமுறையில் மலை அடிவாரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வழிகாட்டி வந்து சேர்ந்துகொண்டான். அவன் இல்லாமல் மலை ஏற முடியாது. ஆனால் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நடக்க அந்த நாட்டில் அனுமதி இல்லை. யாராவது ஒருவர் சத்திரத்தில் இருக்க வேண்டும். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இதுக்கு என்ன யோசன, நான் இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். நாமும் யோசிக்கவில்லை. ஏற்காடு போனபோதும், உன் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக் கெங்கவல்லி போனபோதும் கேட்ட வாக்கியம்தான் அது. மாடு இருக்கும், பால்காரர் வருவார், யாராவது இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் வேலைக்கு அவள் எப்போது விண்ணப்பித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. நிவேதா என்றாவது ஒரு நாள் "நான் இருக்கேன், நீங்க போங்க" என்று சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதே. இதுதான் இந்தக் கடிதத்தில் உருப்படியான ஒரே புத்திமதி. மீதியெல்லாம் விளையாட்டு.

சத்திரத்தில் விட்டோம். அவள் நடந்து போய் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. "அட, என்ன மூலையில ஒக்கார வெச்சுட்டாங்களே" என்று சொல்லிச் சிரித்தாள். மறுபடி அந்த ஊருக்குள் நுழைந்தபோது வாயிற்காவலன் "நால்வரும் உள்ளே வாருங்கள்" என்றான். அதுவரைக்கும் "மூவரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நீ எண்ணிப் பார்த்தாய்: நீ, நான், வழிகாட்டி. மூன்று பேர்தான். "பக்குப்பா, எழுதுனவன் தப்பா எழுதியிருக்கான்" என்று சொன்னாய். உன் அம்மா திரையைப் பார்த்தாள். "அவன் கண்ணுக்குத் தெரியுதோ என்னமோ" என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள். நீ ஊருக்குக் கிளம்பும்போது, பொங்கலுக்கு வரும்போது மலையை முடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாய். நண்பன் ஒருவனிடம் கேட்டுவந்து இன்னொன்றும் சொன்னாய்: "ரொம்ப நாள் கூப்பிடாம விட்டா சத்திரத்துல இருக்கிறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களாம். கம்ப்யூட்டர்ல இருக்கிற தேதிய வெச்சுக் கணக்குப் போடுமாம்." அதற்கு உன் அம்மா, "நான் எங்க போவப் போறேன்" என்றாள்.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

கம்ப்யூட்டரின் மேல் அவள் தைத்துப் போட்ட பூத்துணி அப்படியே கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதன் மேல் காபி டம்ளர் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் துணியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. தூசி தட்டத்தான் என்று நினைக்கிறேன். சுவிட்சைப் போட்டேன். ஓடியது. ஆனால் உள்ளே தேதியை நினைவில் வைத்திருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது போல. கம்ப்யூட்டர் தான் செய்யப்பட்ட வருடத்தின் முதல் நாளுக்குப் போய் நின்றுகொண்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே நாள். நான் விளையாட்டைத் திறந்தேன். சதுப்பு நிலத்து ஊர். வாயிற்காவலன் "நால்வரும் உள்ளே வாருங்கள்" என்றான். சத்திரத்துக்குள் போனேன். பாட்டு நின்றது. சத்திரக்காரரிடம் ஆறு எழுத்துப் பெயரைச் சொன்னேன்.

நாற்காலி திரும்பியது. அவள், "அதற்குள் வந்துவிட்டீர்களா? நேற்றுத்தானே பார்த்தோம்" என்றாள்.

அது ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு வரி. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சம்பளத்துக்கு எழுதியது. காத்திருக்கும் எவரும், கூப்பிட்டு அதிக நாள் ஆகவில்லை என்றால் அந்த வரியைத்தான் சொல்வார்கள். தேதி பின்னால் போய்விட்டதால் விளையாட்டு குழம்பி, நாளே ஆகவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டது. எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் நான் வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சத்திரக்காரர், அழைத்துச் செல்கிறீர்களா என்று கேட்டார். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். வெளியே சதுப்பு நிலம், அதற்கு அப்பால் மலை, மலை நிறைய அரக்கர்கள். நான் "இல்லை" என்பதை அழுத்தினேன். அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நீ நிச்சயதார்த்தத்துக்கு வந்தது வரைக்கும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் இன்னும் அந்தப் பழைய விளையாட்டையா ஆடுகிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நீ ஒரு லேப்டாப்பும் அதில் ஆடப் புதுப்புது விளையாட்டுகளும் வாங்கி அனுப்பினாய். எல்லாவற்றையும் பார்த்தேன். குதிரையின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது. மழை பெய்தால் கல் நனைகிறது. ஆட்கள் புருவத்தை உயர்த்திப் பேசுகிறார்கள். ஆனால் அதில் ஒருவரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் போகாவிட்டால் அந்த உலகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் மலை ஏறவில்லை, சூரியனைக் காப்பாற்றவில்லை. அந்த நாட்டு ராஜா என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துணியை எடுப்பேன். வாயிற்காவலன் எங்களை நால்வர் என்று எண்ணுவான். உன் அம்மா திரும்பி, நேற்றுத்தானே பார்த்தோம் என்பாள். "இல்லை" என்று அழுத்துவேன். பிறகு கொஞ்சம் படுப்பேன். பென்ஷன் வாங்குகிறவர்களில் இதைவிடக் குறைவான ஒழுங்கோடு பலர் இருக்கிறார்கள்.

ஒரு சமயம் இது எனக்கே சரியாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூங்கி எழுந்ததும் சமையலறைப் பக்கம் பார்ப்பேன். வீட்டில் அவளுடைய சாமான் எதையும் நகர்த்த மாட்டேன். நேற்றுப் பார்த்தவள் என்றால் இன்று அஞ்சறைப் பெட்டியை இடம் மாற்ற வேண்டிய அவசியமில்லையே. தெருவில் யாராவது "அவங்க போயி எத்தன வருசமாச்சுங்க சார்?" என்று கேட்டால் என் வாயில் பதில் வர நேரமாகும். கணக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு கணக்கு இருந்தது.

உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தாய். நிவேதா வீட்டார் கிளம்பிய பிறகு, வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாய். "என்னப்பா, தேதி இப்படிக் காட்டுது? இத்தன வருசமா இதையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்கு அதுல தேதி பாக்கிற வேல இல்ல, விடு" என்றேன்.

"சின்ன பேட்டரிப்பா. வாட்ச் கடையிலயே கெடைக்கும்."

"இருக்கட்டும்டா."

"ஒரு நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தாய். ஸ்குரூவைக் கழற்றி, ஊதி, மாட்டி, தேதியைச் சரிசெய்தாய். பிள்ளை அப்பாவுக்குச் செய்யும் உதவி. உன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் காரணமும் சொல்ல வேண்டுமே. புது பேட்டரி போட்டதற்கு நன்றி என்று சொன்னேன். நீ பெங்களூர் போன பிறகு சில நாள் துணியை எடுக்கவே இல்லை.

போன வியாழக்கிழமை எடுத்தேன். மணி மூன்று இருக்கும். வெயிலில் தெரு வெள்ளையாகக் கிடந்தது. மூலையில் சரியான தேதி, சரியான மணி. விளையாட்டைத் திறந்து ஊர் வாசலுக்குப் போனேன். வாயிற்காவலன் என்னைப் பார்த்தான்.

"மூவரும் உள்ளே வாருங்கள்" என்றான்.

அந்த விளையாட்டில் யாரும் புதிதாக எதையும் சொல்வதில்லை சாமி. ஒரே வாக்கியம்தான். நான் வாசலுக்கு வெளியே போய் மறுபடி உள்ளே வந்தேன். மூவரும் என்றான். அவன் எண்ணுவதில் இதுவரைக்கும் தவறே இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சத்திரத்தில் இருப்பவளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே போனேன். பாட்டு நின்றது. வரிசையில் எல்லா நாற்காலியும் சுவரைப் பார்த்திருந்தன. அவளுடையது மட்டும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் ஆள் இல்லை. சத்திரக்காரரிடம் பெயரைச் சொன்னேன். அவர், "வெகுநாள் காத்திருந்தார். தண்ணீர் இருக்கும் பக்கம் போனார்" என்றார்.

ஊரைச் சுற்றிலும் சதுப்பு நிலம். எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. நான் கரையோரமாக ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு எதையும் பதிவு செய்யாமல் விளையாட்டை மூடிவிட்டு, திரையின் சுவிட்சை அணைத்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் போய்விடுவாள் என்பது ஒரு பயம். போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பயம். எது பெரியது என்று என்னால் சொல்ல முடியாது.

"ஏன்டா, ஓடாத பொட்டியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?" என்றாள். உன் அத்தை. முகத்தில், பூக்காரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்த வியர்வை.

"எப்பக்கா வந்த?"

"நான் வந்து நின்னு எம்மாம் நேரமாச்சு. கல்யாண ஊட்டுல ஒரு மனுசன் மூஞ்சி இப்பிடியா இருக்கும்? பம்பைக்காரரு புதங்கெழம வரேன்னுட்டாரு. உம் மவன் என்ன சொல்றான்?"

"வர மாட்டேங்கறான். எனக்கும் அது சரின்னுதான் படுது. அவள நெனைக்கணும்னா வீட்டுலயே நெனைச்சுக்கலாம்."

"ஊட்டுக்குள்ளயே தேடுனா எப்பிட்றா கெடைப்பா? அவ தண்ணிப் பக்கம் போயிட்டா. அங்க போயித்தான் கூப்புடணும்."

நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த விளையாட்டை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. திரை அணைந்திருந்தது. இந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைத்தான் அவள் சொன்னாள். விளையாட்டை எழுதியவரும் ஏதோ ஒரு வார்த்தையை எழுதிவைத்தார். இரண்டும் ஒரே மத்தியானத்தில் என்னிடம் வந்து சேர்ந்தன. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை உனக்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். "என்னடா அப்பிடிப் பாக்கற, பேயடிச்ச மாதிரி?" என்று கேட்டாள் அத்தை. தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

இப்போது நிலவரம் இது. நான் பதிவு செய்யவில்லை என்பதால் பழைய ஆட்டம் அழியாமல் அப்படியே இருக்கிறது. ஒரு ஸ்குரூ டிரைவரால் நீ போட்ட பேட்டரியை எடுத்துவிட்டால் போதும். தேதி பின்னால் போகும், வாயிற்காவலன் நால்வர் என்பான், நாற்காலி திரும்பும், அவள் நேற்றுத்தானே பார்த்தோம் என்பாள். நான் "இல்லை" என்று அழுத்துவேன். என் காலம் முடிகிற வரைக்கும் இது நடக்கும். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கம்ப்யூட்டர் மேஜை மேல் வைத்திருக்கிறேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே, தகவலுக்காகச் சொன்னேன். நீ புதன்கிழமை வராவிட்டால் வியாழக்கிழமை மத்தியானம் நான் என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். தனியாகக் கிணற்றுக்குப் போகலாம் என்றால் நான் கூப்பிட்டு அவள் வரும் வழக்கம் இல்லை. புருஷன் கூப்பிட்டால் கணக்கில் சேராதாம். பெற்ற பிள்ளை கூப்பிட வேண்டுமாம். அந்த விதியை எழுதியவர் என்னை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். இத்தனை வருடம், அழைத்துச் செல்கிறீர்களா என்று கேட்டவரிடம் இல்லை என்றே சொல்லிவந்தவனுக்கு வேறு என்ன உரிமை இருக்கிறது?

நீ நம்ப வேண்டாம். நானும் நம்பிவிட்டேன் என்று சொல்லவில்லை. விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால் சேலத்தில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிடலாம். கிணற்றில் இந்த வருடம் தண்ணீர் மேலேயே இருக்கிறது; எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். நிறைய நேரம் பார்க்காதே. குடம் இறங்கியதும் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடு. ஆறு எழுத்தோடு நிறுத்தாதே. பம்பைக்காரர் அவளுக்குப் பதிலாகப் பேசுவார். என்னை மறந்துட்டியா சாமி, கூப்பிட்டு எத்தன நாளாச்சு என்று பாட்டிலேயே கேட்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்பார், அது அவர் தொழில். உடனிருப்பவர்கள் அழுவார்கள். நீ வருடத்தை எண்ணிப் பதில் சொல்ல வேண்டாம். "நேத்துதாம்மா பாத்தோம்" என்று சொல். கயிறு கனமாக இருக்கும். நான் கூடப் பிடித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். சமையலறையில் அஞ்சறைப் பெட்டியை அத்தை இடம் மாற்றியிருப்பாள். நான்தான் மாற்றச் சொன்னேன். புடவை சார்த்தி முடித்ததும் பந்திக்கு உட்காருவோம். இலை போடுவதற்கு முன் அத்தை வாசலில் நின்று விரலை நீட்டித் தலையை எண்ணுவாள். ஒன்று கூடுதலாக வரும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு சரியாக இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் திருத்தாதே.

அப்பா